உடைந்த கடைக் கண்ணாடிக்கு ஏன் பிளைவுட்?

அமெரிக்க நகரங்களைப் பற்றிய செய்திப் படங்களில் இந்தக் காட்சியை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஒரு வரிசைக் கடைகள், எல்லாவற்றுக்கும் தரையிலிருந்து மேலே வரை கண்ணாடி முகப்பு. நடுவில் ஒரு கடைக்கு மட்டும் கண்ணாடி இருந்த இடத்தில் வெளிறிய மஞ்சள் நிறத்தில் பிளைவுட். அதன்மேல் ஸ்ப்ரே பெயின்டில் ‘கடை திறந்திருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருப்பார்கள். புயலுக்கு முன்னால், கலவரத்துக்குப் பின்னால், திருட்டுக்கு மறுநாள் காலையில் என்று எல்லாவற்றுக்கும் அதே பலகைதான். இதற்கென்றே ‘போர்ட்-அப்’ என்று ஒரு தொழில் அங்கே இருக்கிறது. நள்ளிரவில் கூப்பிட்டாலும் ஃபோன் எடுப்பார்கள். வேனில் பிளைவுட் ஷீட், மரக்கட்டைகள், டிரில், வேக்குவம் எல்லாம் தயாராக இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் என் கல்லூரி நண்பன் கேட்ட ஒரு கேள்வியில்தான் நான் இதற்குள் போனேன். நியூஜெர்சியில் மளிகைக்கடை வைத்திருக்கிறான். ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ கல்லால் அடித்து முன்பக்கக் கண்ணாடி முழுக்கக் கொட்டிவிட்டது. “டேய், போலீஸ் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. இன்சூரன்ஸ்காரன் காலைலதான் ஃபோன் எடுப்பான். அதுவரைக்கும் அப்படியே விடணுமா, இல்ல மூடிடலாமா? மூடினா ஆதாரத்தை மறைச்சுட்டேன்னு சொல்லிடுவானா?” என்றான். பாலிசி வாசகங்களை உட்கார்ந்து படிக்கும் பைத்தியம் எனக்கு உண்டு என்பது அவனுக்குத் தெரியும். அவன் கேள்விக்குப் பதில் கீழே வருகிறது. ஆனால் அதைத் தேடப்போனதில் கண்ணாடி, மரம், காற்று, சட்டம் என்று விஷயம் விரிந்துகொண்டே போனது.

முதலில் நம்ம ஊர்க்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஷட்டர் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே? ரங்கநாதன் தெருவில் கண்ணாடி உடைந்தால் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அமெரிக்காவிலும் ஷட்டர் உண்டு. ஆனால் முழுக்க அடைக்கும் தகர ஷட்டர் தெருவைக் கோட்டைச் சுவர் மாதிரி ஆக்கிவிடுகிறது, அதன்மேல் கிறுக்குகிறார்கள், உள்ளே தீப்பிடித்தாலும் திருடன் நின்றாலும் வெளியே தெரிவதில்லை என்று பல நகரங்கள் அதை விரும்புவதில்லை. நியூயார்க் நகரம் 2009-ல் சட்டமே போட்டது. 2011 ஜூலை 1-க்குப் பிறகு கடைகளுக்குப் புதிதாகப் பொருத்தும் ஷட்டரில் 70 சதவீதமாவது உள்ளே தெரியும்படி இருக்க வேண்டும், ஏற்கெனவே இருக்கும் அடைப்பு ஷட்டர்களை 2026 ஜூலைக்குள் மாற்ற வேண்டும். புறநகரின் வரிசைக்கடைகளில் பெரும்பாலும் ஷட்டரே கிடையாது. அங்கே கண்ணாடிதான் சுவர். அது போனால் சுவர் போன மாதிரி.

சரி, கண்ணாடிக்கு வருவோம். எந்தக் கண்ணாடி உடைந்தது என்பதைப் பொறுத்து அந்த இரவின் கதையே மாறும்.

பழைய கட்டடங்களில் இருப்பது சாதாரணக் கண்ணாடி. மெதுவாகக் குளிரவைத்துச் செய்தது. இது உடைந்தால் கத்தி கத்தியாக உடையும். பாதி கீழே விழும், பாதி ஃப்ரேமின் மேல்விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். இதுதான் ஆபத்து. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை எடுத்ததும் மேலே தாங்கல் இல்லாமல் தொங்கிய துண்டு நேராக இறங்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மேலிருந்துதான் எடுத்துக்கொண்டு வருவார்கள், அதுவும் பக்கவாட்டில் நின்றுகொண்டு. கடைக்காரர் தானே சுத்தம் செய்யக் கூடாது என்று சொல்வது பெரும்பாலும் இந்த வகைக் கண்ணாடிக்காகத்தான்.

இரண்டாவது, நாம் டஃபன்ட் கிளாஸ் என்றும் அவர்கள் டெம்பர்ட் என்றும் சொல்வது. வெட்டி, துளை போட்டு, விளிம்பு தேய்த்து முடித்த கண்ணாடியைச் சுமார் 620 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சி அடித்துச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கப் பார்க்கும்போது ஏற்கெனவே இறுகிய தோலை உள்நோக்கி இழுக்கும். ஆக, தோல் எப்போதும் அழுத்தத்தில், நடுப்பகுதி எப்போதும் இழுவிசையில். முழு டெம்பர்ட் என்று சொல்ல அமெரிக்கத் தர அளவின்படி அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10,000 பவுண்டு இருக்க வேண்டும். நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 700 கிலோ. இதனால் சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம். ஆனால் விரிசல் ஒரு இடத்தில் அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அடைத்துவைத்த சக்தி மொத்தமும் ஒரே நொடியில் வெளியே வரும். முழுப் பலகமும் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். ஆளை அறுக்காது, அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். 1977-லிருந்து அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி கதவுகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும். கட்டட விதிகள் கதவை ஒட்டிய கண்ணாடிகளையும், தரையிலிருந்து 18 அங்குலத்துக்குள் ஆரம்பிக்கும் பெரிய கண்ணாடிகளையும் இதில் சேர்க்கின்றன. கடை முகப்பு என்றால் கிட்டத்தட்ட எல்லாமே இதில் அடங்கிவிடும்.

இங்கேதான் ஒரு விசித்திரம். ஆளைக் காப்பாற்றும் அதே குணம் கடையைக் கைவிட்டுவிடுகிறது. சாதாரணக் கண்ணாடியில் கல் பட்டால் ஒரு ஓட்டையும் நாலு விரிசலும் விழும், டேப் ஒட்டியாவது காலை வரை ஓட்டலாம். டெம்பர்டில் ‘கொஞ்சம் உடைஞ்சது’ என்பதே கிடையாது. ஒன்று இருக்கும், இல்லையென்றால் எட்டடிக்கு ஒன்பதடி வாசல் ஒன்று தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும். அதைவிட முக்கியம், டெம்பர் செய்த பிறகு அதை வெட்ட முடியாது. கட்டர் வைத்தாலே கொட்டிவிடும். அதனால் கடையில் ஸ்டாக் வைத்து அறுத்துக் கொடுக்க வழியில்லை. அளவெடுத்து, ஆலைக்கு ஆர்டர் போட்டு, அங்கே வெட்டி, பிறகு சூளையில் ஏற்றி அனுப்ப வேண்டும். குளிர் நாடுகளில் நடுவில் காற்றறை விட்ட இரட்டைக் கண்ணாடி வேறு. நாட்கள் ஆகும், பல நேரம் வாரங்கள் ஆகும்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு உடைந்த கண்ணாடி என்றதும் ஃபிரெடெரிக் பாஸ்தியா ஞாபகம் வருவார். 1850-ல் அவர் எழுதிய கதையில் கடைக்காரரின் மகன் கண்ணாடியை உடைப்பான், கண்ணாடிக்காரர் வந்து மாட்டிவிட்டு ஆறு ஃபிராங்க் வாங்கிக்கொண்டு போவார். அந்தச் செலவு நாட்டுக்கு லாபமா நஷ்டமா என்பது அவர் விவாதம். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் பட்டது. அந்தக் கதையில் உடைந்ததற்கும் மாட்டியதற்கும் நடுவில் இடைவெளியே இல்லை. அன்றைக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிகள், வைரமுனையால் அங்கேயே கீறி உடைத்து மாட்டிவிடலாம். போர்ட்-அப் தொழிலுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. ஒரு நொடியில் விழுந்து, ரெண்டு மூணு வாரத்தில் திரும்பி வரும் கண்ணாடி வந்த பிறகுதான் அந்த நடுக்காலத்தை விற்கும் வியாபாரமும் வளர முடியும்.

மூன்றாவது வகை லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, கார் முன்கண்ணாடி மாதிரி. எதுவார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1909-ல் காப்புரிமை வாங்கியது. இது உடையும், ஆனால் விழாது. சிலந்தி வலை மாதிரி விரிந்து ஃப்ரேமிலேயே நிற்கும். அன்றைய இரவுக்கு அது போதும். விலை அதிகம் என்பதால் எல்லோரும் போடுவதில்லை. இருக்கும் டெம்பர்ட் கண்ணாடிமேல் ஃபிலிம் ஒட்டலாமே என்றால் ஒட்டலாம். ஆனால் ஃபிலிமின் ஓரத்தை ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டவில்லை என்றால், பொடியான கண்ணாடி மொத்தமும் ஜமுக்காளம் மாதிரி ஒரே மடிப்பாகச் சரிந்து விழும்.

பிளைவுட் எவ்வளவு காலம் நிற்க நேரும் என்பதற்குப் பாஸ்டன் நகரத்தின் ஜான் ஹான்காக் கோபுரம்தான் உச்ச உதாரணம். கடை கிடையாது, 60 மாடி அலுவலகக் கட்டடம். ஐ.எம். பெய் நிறுவனத்தின் ஹென்றி காப் வடிவமைத்தது. முழுக்கக் கண்ணாடி, மொத்தம் 10,344 பலகங்கள், ஒவ்வொன்றும் 500 பவுண்டு, அதாவது 225 கிலோவுக்கு மேல். கட்டி முடிக்கும் முன்பே, 1973 ஜனவரியில் அடித்த காற்றில் கண்ணாடிகள் உடைந்து கீழே விழ ஆரம்பித்தன. விழுந்த இடத்திலெல்லாம் பிளைவுட் அடித்தார்கள். விழ விழ அடித்தார்கள். கடைசியில் ஒரு ஏக்கருக்கு மேல் பிளைவுட். ஊர்க்காரர்கள் அதற்குப் ‘பிளைவுட் அரண்மனை’ என்று பெயர் வைத்தார்கள். காற்று மணிக்கு 45 மைலைத் தொட்டால் சுற்றியிருந்த தெருக்களைப் போலீஸ் அடைத்துவிடும்.

காரணம் என்ன தெரியுமா? இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தில் இரண்டையும் பிரித்து நிறுத்தும் உலோகப் பட்டையை ஈய சால்டரால் பற்றவைத்திருந்தார்கள். அந்தப் பற்று அளவுக்கு மீறி விறைப்பு. வெயிலுக்கும் குளிருக்கும் கண்ணாடி விரிந்து சுருங்கும்போது சால்டர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை, கண்ணாடியைப் பிய்த்தது. கடைசியில் 10,344-ஐயும் கழற்றிவிட்டு ஒற்றை டெம்பர்ட் கண்ணாடி மாட்டினார்கள். 1976-ல்தான் திறப்பு விழா. விறைப்பாகப் பிடித்ததால் உடைந்த கண்ணாடியை யோசித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்கு வாருங்கள். பலகையை எப்படிப் பிடித்து நிறுத்துவது?

பார்க்க எளிதாகத் தோன்றும். எட்டடிக்கு நாலடி ஷீட்டைத் தூக்கி வைத்து, அலுமினிய ஃப்ரேமில் சுற்றிலும் ஸ்க்ரூ அடித்துவிட்டால் முடிந்தது. நள்ளிரவில் அவசரத்துக்கு வரும் ஆட்கள் நிறையப் பேர் அதைத்தான் செய்வார்கள். காலையில் பார்த்தால் உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஃப்ரேம் வெறும் சட்டம் கிடையாது. உள்ளே வெற்றறைகள், ரப்பர் பீடிங் உட்காரும் பள்ளம், மழைநீர் வெளியேறச் சின்னத் துளைகள் என்று அதற்கென்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கண்ணாடி ஓரத்தில் நுழையும் தண்ணீரை ஃப்ரேமே வாங்கி வெளியே விடும். அடிச்சட்டத்தில் இருபது ஓட்டை போட்டால் புதுக் கண்ணாடி வந்த பிறகும் அந்த வழியாகத் தண்ணீர் கடைக்குள் இறங்கும். கண்ணாடிக்குக் கொடுத்த பணத்தோடு ஃப்ரேமுக்கும் கொடுக்க வேண்டியதுதான்.

நல்ல வேலைக்காரர்கள் ஃப்ரேமைத் தொடாமல் பிடிப்பார்கள். இதில் எனக்குப் பிடித்தது, அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் காலிக் கட்டடங்களுக்காகப் பரிந்துரைத்த முறை. வெளியே பிளைவுட். உள்ளே, திறப்பைவிட அகலமான 2-க்கு-4 கட்டைகள், சுவரில் முட்டிக்கொண்டு குறுக்காக நிற்கும். இரண்டையும் 3/8 அங்குல கேரேஜ் போல்ட் கோத்து இணைக்கும். அந்த போல்ட்டின் தலை வழவழப்பான உருண்டை, ஸ்க்ரூ டிரைவருக்கோ ஸ்பேனருக்கோ பிடி கிடைக்காது. நட்டு உள்ளே. முறுக்க முறுக்கப் பலகையும் கட்டையும் சுவரை நடுவில் வைத்து சாண்ட்விச் மாதிரி கவ்வும். சுவரில் ஒரு துளைகூட இல்லை. அகலமான கடை முகப்பில் கட்டைகள் நடுவிலுள்ள செங்குத்துச் சட்டங்களில் சாய்ந்துகொள்ளும். கழற்றும்போது நட்டைத் திருப்பினால் போதும்.

பலகையிலும் இரண்டு ரகம். பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது. ஓ.எஸ்.பி. என்பது மரச்சீவல்களை அழுத்தி ஒட்டியது, பார்த்தால் சீவல் சீவலாகத் தெரியும். அது மலிவு. ஆனால் ஓரம் நனைந்தால் ஊதிக்கொள்ளும், காய்ந்தாலும் பழைய கனத்துக்கு வராது. இரண்டு நாளுக்கு ஓ.எஸ்.பி. போதும், மழைக்காலத்தில் மூன்று வாரம் என்றால் நான் பிளைவுட்தான் கேட்பேன்.

எவ்வளவு பலம் வேண்டும்? சின்னக் கணக்கு ஒன்று. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அமெரிக்க அலகில், மைல் வேகத்தின் வர்க்கத்தை 0.00256-ஆல் பெருக்கினால் சதுர அடிக்கு எத்தனை பவுண்டு என்று வரும். மணிக்கு 20 மைல் காற்றில் ஒரு முழு ஷீட்மேல், அதாவது 32 சதுர அடிமேல், விழுவது 33 பவுண்டு. பதினைந்து கிலோ, கையால் தள்ளும் அளவு. அதுவே 100 மைல் புயலில் 819 பவுண்டு, ஏறக்குறைய 370 கிலோ. கட்டடத்தின் மூலைகளில் இதைவிடக் கூடும், இழுக்கவும் செய்யும். திருட்டுக்குப் பிறகு அடிக்கும் பலகையும் புயலுக்கு முன் அடிக்கும் பலகையும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பிடிப்பு ஒன்றாக இருக்க முடியாது என்பதற்கு இந்த 25 மடங்குதான் காரணம்.

புயலில் இன்னொன்றும் உண்டு. காற்று வரும் பக்கத்தில் ஒரு கண்ணாடி போய்விட்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளியே கூரைமேல் ஏற்கெனவே மேல்நோக்கி இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கூரை போய்விடும். 1992-ல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைத் துவம்சம் செய்த பிறகு, மயாமி-டேட் பகுதியில் ஜன்னல் மறைப்புகளுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். ஒன்பது பவுண்டு எடையுள்ள 2-க்கு-4 கட்டையை நொடிக்கு 50 அடி வேகத்தில் பீரங்கி மாதிரி ஒன்றிலிருந்து அதன்மேல் அடிப்பார்கள். தாங்கினால்தான் பாஸ். பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டுவது இதில் எதற்கும் உதவாது. உடையாமல் தடுக்கவும் தடுக்காது, உடைந்தால் துண்டுகளைப் பெரிசாகச் சேர்த்துவைத்து இன்னும் ஆபத்தாக்கும். ஆனாலும் இன்றுவரை ஒட்டுகிறார்கள்.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. முகப்பு முழுக்க அடைத்துவிட்டு உள்ளே வியாபாரம் நடத்துவது சாதாரணம். அப்போது வாசல் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் தள்ளினால் திறக்க வேண்டும். கதவின் கண்ணாடிக்குப் பதில் வைக்கும் பலகை கதவோடு சேர்ந்து அசைய வேண்டும், ஃப்ரேமோடு சேர்த்து அடித்துவிடக் கூடாது. திருடனுக்குப் பயந்து அடைத்த பலகை தீப்பிடித்தால் உள்ளே இருப்பவனுக்கு எமன். பின்வாசல் இருக்கிறதே என்பது பதிலாகாது. மளிகைக்கடைகளில் பின்வாசல் முன்னால் அரிசி மூட்டை அடுக்கியிருப்பதை எத்தனை பார்த்திருக்கிறோம்!

இப்போது நண்பனின் கேள்வி. அமெரிக்காவில் வணிகக் கட்டடங்களுக்கான பாலிசிகள் பல, இன்சூரன்ஸ் சர்வீசஸ் ஆபீஸ் என்ற அமைப்பு தயாரித்த மாதிரிப் படிவத்தை ஒட்டியே இருக்கும். சேதம் நடந்தபின் பாலிசிதாரரின் கடமைகள் என்று அதில் ஒரு பகுதி உண்டு. குற்றம் நடந்திருக்கலாம் என்றால் போலீஸுக்குச் சொல்லு. கம்பெனிக்குச் சீக்கிரம் தகவல் கொடு. மேற்கொண்டு சேதம் ஆகாமல் இருக்க நியாயமான நடவடிக்கை எல்லாம் எடு, அதற்கான செலவுக்குக் கணக்கு வை. முடிந்தால் சேதமான பொருளைத் தனியாக எடுத்துவை, பார்வையிட வருவார்கள். ஆக, மூடினால் தப்பாகுமோ என்று அவன் பயந்தது தலைகீழ். மூடாமல் விட்டு, விடியற்காலை மழையில் அரிசி நனைந்தாலோ இன்னொருவன் நுழைந்து கல்லாவைத் தூக்கினாலோ, அந்த இரண்டாவது நஷ்டத்தைத்தான் கம்பெனி கேள்வி கேட்கும்.

ஆனால் ‘தனியாக எடுத்துவை’ என்பதையும் விடக் கூடாது. அன்றைக்கு ஃபோனில் நாங்கள் செய்தது இதுதான். வெளியிலிருந்து இரண்டு படம், உள்ளிருந்து இரண்டு படம், கண்ணாடிப் பொடி எந்தப் பக்கம் சிதறியிருக்கிறது என்று தரையில் ஒரு படம், கல் கிடந்த இடத்தில் ஒரு படம். கல்லையும் ஒரு டப்பா கண்ணாடிப் பொடியையும் எடுத்து வைத்தான். முகப்பை ஒட்டித் திறந்து வைத்திருந்த தக்காளி, கத்திரிக்காய், கொத்தமல்லி எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டுக் கொட்டச் சொன்னேன். டெம்பர்ட் பொடி எவ்வளவு தூரம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது, கழுவி விற்கும் சமாச்சாரம் இல்லை அது. பிறகு பலகைக்காரர்களைக் கூப்பிட்டான்.

கண்ணாடி யாருடைய பொறுப்பு என்பது வேறு கதை. வாடகை ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தால் முகப்புக் கண்ணாடி வாடகைதாரர் தலையில் என்று இருந்தது. அங்கே சிறு கடை ஒப்பந்தங்களில் இது வழக்கம்தான். கட்டட ஓனரின் இன்சூரன்ஸ் அதற்கு வராது, இவன் பாலிசியில் கண்ணாடி தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்திருந்தான். ஆனால் நஷ்டத்தில் முதல் பங்கை நாமே போட வேண்டுமல்லவா, டிடக்டிபிள்? பலகைக்கும் கண்ணாடிக்கும் சேர்த்து வந்த பில் அதைத் தாண்டியது கொஞ்சம்தான். கிளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் பிரீமியம் ஏறும் என்று கையிலிருந்தே கொடுத்துவிட்டான்.

அந்தப் படிவத்தில் இன்னொரு வாசகம் என் கண்ணில் பட்டது. கட்டடம் தொடர்ந்து 60 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்தால் நாசவேலை, திருட்டு, கட்டடக் கண்ணாடி உடைவது போன்ற சில வகை நஷ்டங்களுக்குப் பணமே கிடையாது. காலி என்றால் என்ன? கட்டடத்தின் பரப்பில் 31 சதவீதமாவது பயன்பாட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓனரின் பாலிசிக்கு அது காலிதான். கடை முகப்பை அடைத்துவிட்டு ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று மாதக்கணக்கில் போட்டு வைப்பவர்கள் இந்த எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பலகைக்காரர்கள் வேலை தொடங்கும் முன் நீட்டும் காகிதத்தையும் படிக்க வேண்டும், ராத்திரி மூன்று மணியாக இருந்தாலும். சாதாரண வேலை ஒப்புதல் என்றால் பரவாயில்லை. சிலவற்றில் உங்கள் இன்சூரன்ஸ் உரிமையையே அவர்களுக்கு மாற்றிக் கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். பிறகு அவர்கள் எவ்வளவு பில் போடுகிறார்கள், கம்பெனியோடு எப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. இதில் வழக்குகள் பெருகியதால் ஃபுளோரிடா மாநிலம் 2022 டிசம்பரில் சட்டம் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் எழுதப்படும் வீடு, வணிகக் கட்டடப் பாலிசிகளில் இப்படி மாற்றிக் கொடுப்பது செல்லாது. ஃபுளோரிடாவில் செல்லாது என்பதால் மற்ற மாநிலங்களிலும் அப்படியே என்று நினைத்துவிடக் கூடாது.

பலகை நின்றுவிட்டால் தெரு அதை எப்படிப் பார்க்கிறது என்பது கடைசிச் சிக்கல். 1982-ல் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் ‘அட்லான்டிக்’ பத்திரிகையில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, சரிசெய்யாமல் விட்ட ஒரு உடைந்த ஜன்னல் ‘இங்கே கேட்பாரில்லை’ என்ற சேதியைச் சொல்கிறது, அது மேலும் உடைப்பதற்கு அழைப்பு என்று வாதிட்டது. அதை வைத்துப் போலீஸ் செய்ததெல்லாம் வேறு பெரிய சண்டை, இங்கே வேண்டாம். பலகையும் அதே சேதியைத்தான் சொல்லும் என்று ஒஹாயோ மாநிலம் நினைத்தது. கடனுக்காக வங்கி நடவடிக்கையில் சிக்கிக் காலியாகக் கிடக்கும் வீடுகளில் பிளைவுட் கூடாது என்று 2017-ல் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் அது. அதற்குப் பதில் போடும் தெளிவான பாலிகார்பனேட் ஷீட்டைச் சுத்தியால் அடித்தாலும் லேசில் உடையாது, தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரியே இருக்கும். விலைதான் பல மடங்கு. மூன்று வாரத்துக்காக யாரும் வாங்க மாட்டார்கள்.

2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு மினியாபொலிஸ் நகரத்தில் வேறு மாதிரி நடந்தது. லேக் தெரு நெடுக அடைத்த பலகைகளில் ஓவியர்கள் வரைய ஆரம்பித்தார்கள். ஃபிளாய்டின் முகம், பெயர்கள், வாசகங்கள். கண்ணாடி திரும்ப வந்தபோது அந்தப் பலகைகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ‘மெமோரியலைஸ் த மூவ்மென்ட்’ என்ற அமைப்பு நூற்றுக்கணக்கில் சேகரித்துப் பாதுகாக்கிறது. மழையில் நனையத் தயாரான மலிவு மரத்தை அருங்காட்சியகப் பொருள் மாதிரி பாதுகாக்க வேண்டிய நிலை.

நண்பன் கடையில் அப்படி ஒன்றும் இல்லை. அவன் மகள் மார்க்கர் பேனாவால் ‘உள்ளே வாங்க’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தாள். பதினெட்டு நாள் நின்றது.

கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று. அளவை பலகை ஏறும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள். ஏறிய பிறகு கண்ணாடிக்காரர் வந்தால் அளவெடுக்கப் பலகையைக் கழற்ற வேண்டும், அதற்குத் தனிக் காசு, ஒரு வாரமும் போய்விடும். பலகத்தின் உயரம், அகலம், கனம், ஒற்றையா இரட்டையா என்பது வேண்டும். விழுந்து பொடியான கண்ணாடியில் கனத்தைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் பாதுகாப்புக் கண்ணாடியின் ஒரு மூலையில் அழியாத சின்ன முத்திரை ஒன்று பொறித்திருப்பார்கள், யார் செய்தது, எந்தத் தரம் என்று. ஒரே வரிசையில் போட்டவை பெரும்பாலும் ஒரே சரக்கு. பக்கத்தில் உடையாமல் நிற்கும் பலகத்தின் கீழ்மூலையில் டார்ச் அடித்துப் பார்த்து, அந்த முத்திரையை ஒரு படம் எடுத்து அனுப்பினால் கண்ணாடிக்காரர் அன்றைக்கே ஆர்டர் போட்டுவிடுவார்.